நாலு நைட்டும் ஒரு விளக்கக் கடிதமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் முத்துராஜ் வந்து நின்றான். என் மனைவியின் தம்பி. சரக்கு ரயில் ஓட்டுகிறான். கையில் ஒரு கவர்.

"அத்தான், ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

எழுதுகிறவன் வீட்டுக்கு வேறு எதற்கு ஆள் வரும்? சங்கரன்கோவிலில் என் பத்திரிகைப் பத்தியைப் படித்தவர்களைவிட, நான் எழுதிக்கொடுத்த மனுவைத் தாலுகா ஆபீசில் நீட்டியவர்கள் அதிகம். பட்டா, குடிதண்ணீர், தெருவிளக்கு... இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

பிரித்தால் சார்ஜ் மெமோ. சிவப்பு சிக்னலைத் தாண்டி வண்டியை நிறுத்தியிருக்கிறான். ஒரு பெட்டி நீளம்தான். எதிரே வண்டி இல்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இதற்கு வேலையே போகலாம். பத்து நாளாக சஸ்பென்ஷன். ஏன் தாண்டினாய் என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

தூங்கிவிட்டாயா என்று கேட்டேன். மெதுவாக விளக்கினான். இன்ஜினில் ஒரு பட்டன் உண்டாம். ஓட்டுநர் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், அப்புறம் சத்தம் போடும். அப்போதும் அமுக்காவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். ஆள் முழித்திருக்கிறானா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு.

"பட்டன அமுக்கிக்கிட்டேதான் இருந்திருக்கேன் அத்தான். கை அமுக்குது... நான் தூங்குதேன்."

அது அவனுக்குத் தொடர்ந்து நாலாவது நைட் டூட்டி. பக்கத்தில் இருந்த உதவி ஓட்டுநருக்கும் நாலாவதுதான். கண் விழித்தபோது சிவப்பு முன்னால் நின்றது. பிரேக் போட்டான். ஒரு பெட்டி நீளம் பிந்திவிட்டது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன், இதே பக்கத்தில் ரயில் ஓட்டுநர்களின் போராட்டத்தைத் திட்டி எழுதினேன். நான் சென்னை போகிற அன்று வண்டி லேட். அந்தக் கோபம். அவர்கள் கேட்டது இரண்டுதான் — தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள், வாரத்தில் ஒருநாள் முழுசாக வீட்டில் படுக்க விடுங்கள். நான் அந்த இரண்டையும் விட்டுவிட்டு என் அவஸ்தையைப் பற்றி மட்டும் எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. முத்துராஜ் அதைப் படித்தவன்தான். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் வீட்டு மிக்ஸி, ஜார் சரியாக உட்காராவிட்டால் ஓடாது. வாஷிங் மெஷின் கதவு திறந்திருந்தால் சுற்றாது. மனிதன் மறப்பான், அசருவான் என்பது சட்னி அரைக்கிற சாமானைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிவப்பைத் தாண்டப் பார்க்கிற வண்டியைத் தானே பிடித்து நிறுத்துகிற கருவியும் இருக்கிறதாம். அவன் ஓட்டுகிற பாதைக்கு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். அதுவரை ஆயிரக்கணக்கான டன்னுக்கு முத்துராஜின் இரண்டு இமைதான் பொறுப்பு.

உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நாலு இரவு, அந்தப் பட்டன், பகலில் வெயிலும் தெருச் சத்தமுமாக வராத தூக்கம், எல்லாம். இந்த வருஷத்தில் நான் உருப்படியாக எழுதியது அதுதான் என்று நினைக்கிறேன்.

முத்துராஜ் இரண்டு தடவை படித்தான். பேனாவை வாங்கி ஒவ்வொரு பாராவாக அடித்தான்.

நன்றாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன் என்கிற ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வார்கள், மிச்சத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்றான். நான் விடவில்லை. நாலு நைட் போட்டது அவர்கள் டூட்டி எழுதுகிற ரோஸ்டரிலேயே இருக்கிறதே, அதையாவது எழுது என்றேன்.

"என் தப்புன்னா ஒரு ஆளோட ஃபைல் முடிஞ்சிரும் அத்தான். ரோஸ்டர் தப்புன்னா யார வேலையவிட்டுத் தூக்குவாவ?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது. இனி நடக்காது. கருணை காட்ட வேண்டும். எப்படி நடக்காமல் போகும் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு மடித்து வைத்துக்கொண்டான்.

பைக்கை எடுக்கும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன் — இப்போ உன் வண்டியை யார் ஓட்டுகிறார்கள்?

"ஆள் பத்தல. கூட உள்ளவங்கதான் மாத்தி மாத்திப் பாக்காவ. இன்னைக்குப் போறவருக்கு நாலாவது நைட்டு."

இன்று ராத்திரி ரயிலேறுகிற வாசகர்களே... நீங்களாவது நன்றாகத் தூங்குங்கள்.