படுத்துக்கொண்டே நடந்தவன்

மூன்று மாதத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தென்காசியில் உட்கார்ந்த இடத்தில் பத்திரம் எழுதுகிற தொழில் எனக்கு. அடுத்தவருக்கு ஊசி போடுவதைப் பார்த்தாலே நாற்காலி தேடுவேன். டாக்டர் சொன்ன ஆரோக்கியச் செயலியை அன்றே போனில் ஏற்றி, கையில் அடிகளை எண்ணும் பட்டையும் கட்டிக்கொண்டேன். தினமும் ஆறாயிரம் அடி நடந்தால் போனில் ஒரு செடி பூக்கும், நடக்காவிட்டால் வாடும். சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சியாளர் அம்மா சென்னையிலிருந்து வீடியோவில் வந்து விசாரிப்பார். என் குழுவில் சுரண்டை மளிகைக்கடை அண்ணாச்சியும், கடையத்தில் ஓய்வுபெற்று இருக்கும் போலீஸ் ஏட்டையாவும் இருந்தார்கள்.

மூன்று வாரமாக என் செடி சாகக் கிடந்தது.

அப்போதுதான் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. சாரல் விழுந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பைக்கில் குற்றாலம் போய் எண்ணெய் மசாஜுக்குப் படுத்தேன். பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். மசாஜ்காரர் கையை உருவி, உதறி, முதுகில் தாளம் போட்டு எழுப்பிவிட்டபோது பார்த்தால் மூவாயிரம் அடி! அருவிக்குள் நின்றுவிட்டு வந்தேன், தண்ணீர் அடித்த அடியில் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. செடி கொள்ளாத பூ. வந்த சந்தோஷத்தில் அங்கேயே நாலு மிளகாய் பஜ்ஜி தின்றேன்.

பத்து நாள் இதே கதை. குழுப் பட்டியலில் முதலிடம் எனக்கு. சனிக்கிழமை வீடியோவில் குழு முழுக்க இருக்க, பயிற்சியாளர் அம்மா கைதட்டி, ரகசியத்தைச் சொல்லுங்கள் என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாழும் வாய் கேட்கவில்லை.

"தென்காசியிலேருந்து குற்றாலத்துக்கு தினமும் நடந்தே போறேன் மேடம்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்படின்னா நாளைக்கு நாங்களும் வருதோம்" என்றார் அண்ணாச்சி. ஏட்டையாவும் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் புது ஷூவோடு வாசலில் நின்றார்கள். "போயிட்டு வாங்க, தினமும் நடக்குற வழிதான?" என்று மனைவி பைக் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். வழியிலிருக்கும் மேலகரத்தைத் தாண்டுவதற்குள் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. "தினம் நடக்குற ஆளுக்கு எதுக்குவே இப்படி மூச்சு வாங்குது?" என்றார் ஏட்டையா. அவர் எத்தனை திருடனைப் பார்த்தவரோ, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருவழியாகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். மசாஜ்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "வாங்க சார்! இன்னைக்கும் பட்டையோடதான படுக்கிய? கைய நல்லா உதறணும், அதான?"

அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் குளிக்க வந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏட்டையா மட்டும் சிரிக்கவில்லை.

"ஊசி போடுதவன் உம்ம பட்டையவா பாப்பான்? ரத்தத்தைத்தான்வே பாப்பான்" என்றார்.

அதோடு என் சிரிப்பு அடங்கியது. என் முகத்தைப் பார்த்த அண்ணாச்சி, "எனக்கும் ஊசின்னா பயந்தான்வே. அதான் இதுல சேந்தேன்" என்று தோளில் கை போட்டார்.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு ஏட்டையா வீடியோவில் வந்துவிடுவார். அவர் கடையத்தில் நடக்க, அண்ணாச்சி சுரண்டையில் நடக்க, நான் மேலகரம் சாலையில் நடப்பேன். "காமிராவைத் திருப்பும்" என்று ஏட்டையா அதட்டுவார். நான் ரோட்டைக் காட்ட வேண்டும், கூடவே என் காலையும். பஜ்ஜிக்கடை வந்தால் மூன்று பேரும் சேர்ந்து "வேண்டாம்" என்று கத்துவோம். பைத்தியம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி ஒரு குஷி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தடவை படித்தார். "இப்போதைக்கு ஊசி வேண்டாம்" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே இருவரையும் வீடியோவில் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி கடையில் இருந்தவர்களிடமெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னார். ஏட்டையா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"சரி சரி, கண்ணத் துடையும். நாளைக்கு ஆறு மணிக்கு ரோட்டைக் காட்டும்."