மருந்து போடாத நிரை

கஜந்தினிக்கு ஆராய்ச்சி செய்யத் தெரியும். ஏமாற்றுக்காரரை அடையாளம் காணத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த தற்காலிக விரிவுரையாளர் அவள்.

நீர்வேலியில் கதிரவேலு என்பவரின் தோட்டத்தில் வாழையின் வாடல் நோயை மூன்று வருடம் ஆராய்ந்தாள். எல்லா நிரைகளுக்கும் மருந்து போட்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு நிரையை மட்டும் அப்படியே விட்டாள். அந்த நிரையின் கப்பல் இன வாழைகள் குலை போடுவதற்கு முன்பே மஞ்சளாகி மடிந்தன. "படிப்புக்குத்தானே, போகட்டும்" என்றார் கதிரவேலு. ஆனாலும் அந்தப் பக்கம் தண்ணீர் கட்டும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து வேலை செய்தது. நல்ல ஆய்விதழில் வந்தால்தான் மற்றத் தோட்டங்களுக்கும் அதைச் சிபாரிசு செய்வார்கள். நல்ல இதழ்களோ ஒரு வருடம் காக்க வைக்கும். நிரந்தர வேலைக்கான நேர்முகம் நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கியது. கலாநிதிப் பட்டம்கூட வாங்காதவளை அப்படி அழைத்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டணத்தோடு கட்டுரையை அனுப்பினாள். சில நாட்களில் ஒரு எழுத்தும் மாறாமல் இணையத்தில் வந்துவிட்டது. நீர்வேலிச் சனசமூக நிலையத்தார் சந்தியில் அவள் படத்தோடு வாழ்த்துப் பதாகை கட்டினார்கள்.

அடுத்த மாதம் எங்கள் துறையில் போலி ஆய்விதழ்கள் பற்றி ஒரு கருத்தரங்கு. பேச வந்தவர் திரையில் காட்டிய பெயர்களில் அவளுடைய இதழும் இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதை நேரகாலத்தோடு எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கட்டுரையை எடுத்துவிடும்படி எழுதினாள், பதிலே இல்லை. நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். ஏற்கனவே வெளிவந்ததை ஏற்கமாட்டோம் என்றார்கள். நேர்முகத்தில் இதழின் பெயரைப் பார்த்ததுமே கட்டுரையை மூடி வைத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. தற்காலிக ஒப்பந்தமும் முடிந்தது.

கதிரவேலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வரப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். சந்தியில் அந்தப் பதாகைக்குக் கீழால்தான் போக வேண்டியிருந்தது.

"ஐயா, நான் குடுத்த இடம் பிழை. அதிலை வந்ததை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"படிச்ச ஆக்கள் வாசிச்சுப் பாக்கேல்லையே?"

"ஒருத்தரும் வாசிக்கேல்லை. அதைப் போட்ட இதழ்க்காரரும் வாசிக்கேல்லை."

அவர் கிணற்றடியில் இருந்த இளம் வாழைகளைக் காட்டினார்.

"அப்ப திருப்பிச் செய் பிள்ளை. உந்த நிரையை எடு. நான் மருந்து போடாமல் விடுறன்."

வேலை போய்விட்டது, இனி ஆய்வுகூடமும் இல்லை என்று சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓம் ஐயா" என்றாள்.

இப்போது அவள் கொழும்பில் ஒரு உரக் கொம்பனியில் கணக்கெழுதுகிறாள். போன கிழமை நான் நீர்வேலிப் பக்கம் போனேன். கிணற்றடி நிரை முழுக்க மஞ்சளாகி விழத் தொடங்கியிருந்தது. கதிரவேலு என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"பிள்ளை எப்ப வருமாம்?" என்று கேட்டார்.