மண் பூசிய ஏழு கிழங்குகள்

ஒரு வாரம் சாலையை மறிக்கப் போகிறோம் என்று சித்தப்பா சொன்னபோது அப்பா அதை நம்பவில்லை. காலையில் மறிப்பார்கள், மத்தியானம் பசித்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தத் தைரியத்தில்தான் நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கொல்லையில் மரவள்ளி முழுவதையும் மறியலுக்கு முந்தின நாளே பிடுங்கிப் போட்டார். மறுநாள் ஜவ்வரிசி மில்லிலிருந்து லாரி வருவதாக ஏற்பாடு.

லாரி வரவில்லை. புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. அவற்றில் இரண்டை வெட்டியது சித்தப்பா என்பதும், வெட்டிய கோடாலி எங்கள் வீட்டுக் கோடாலி என்பதும் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது. பெருமை தாங்கவில்லை.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். சர்டிபிகேட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு பத்து வருஷமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்பதுதான் போராட்டம். சித்தப்பாவுக்குச் சேர வேண்டிய எதையோ யாரோ கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்கிற அளவுக்கு எனக்குப் புரிந்திருந்தது.

மரவள்ளி பொல்லாத பயிர். மண்ணுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பிடுங்கிவிட்டாலோ மூன்றாம் நாளே உள்ளே நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் மில்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு வருஷப் பாடு கொல்லையில் குவிந்து கிடப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

“இந்தக் கெழங்கு அழுவுச்சின்னா உங்க தம்பி இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் அப்பாவிடம்.

எங்கள் வீட்டில் சத்தம் போடுவது அப்பாவாக இருந்தாலும் தீர்ப்புச் சொல்வது அம்மாதான். நான் பயந்து போனேன். சித்தப்பா இல்லாத வீட்டில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது யார்?

கிழங்கு பிடுங்கக் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு அக்கா, ஊர் திரும்ப பஸ் இல்லாமல் எங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே தங்கியிருந்தாள். அவள்தான் வழி சொன்னாள்.

“மண்ணுல இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்திச்சி? திருப்பி மண்ணுலயே வெச்சிடுங்க. நாங்க அப்பிடித்தான் வெப்போம்.”

மேட்டுப் பக்கம் வேப்பமரத்து நிழலில், இடுப்பளவு ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டினார்கள். அடியில் வைக்கோல், அதன் மேல் கிழங்கு, அதன் மேல் மண், மறுபடியும் கிழங்கு. ஒடிந்த கிழங்கும் தோல் உரிந்த கிழங்கும் மட்டும் உள்ளே போகக் கூடாது, ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும் என்று அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிழங்கைக் குழி வரைக்கும் தூக்கி வருவது என் வேலை. பெரிய ஆள் மாதிரி இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து வரப்பில் தடுக்கி விழுந்தேன். ஏழு கிழங்குகள் ஒடிந்தன. அம்மா இருந்த கோபத்தில் அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? வாய்க்காலில் இருந்து சேறு அள்ளி, ஒடிந்த முனைகளை ஒட்டவைத்துப் பூசி, குழியின் கிழக்கு மூலையில் நானே இறக்கிவிட்டேன். பார்ப்பதற்கு முழுக் கிழங்கு மாதிரியே இருந்தன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் சித்தப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்னுடைய ஏழு கிழங்கு அழுகி, அவை பக்கத்திலிருப்பதையும் அழுக வைத்தால், ஜெயிலிலிருந்து வரும் சித்தப்பாவுக்கு வீடு கிடையாது. சோறு இறங்கவில்லை. வயிற்று வலி என்று நினைத்து அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

சாலை திறந்த பிறகும் அப்பா குழியைத் திறக்கவில்லை. மில்லில் கூட்டம் குறையட்டும் என்றார். நடுவில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது.

ஒரு மாதம் கழித்து சித்தப்பாவை விட்டார்கள். தாடியும் அழுக்கு வேட்டியுமாக வந்தவர் வீட்டுக்கு வராமல் நேராகக் கொல்லைக்குப் போய் நின்றார். அம்மா சொன்னது அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. அப்பா அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்; இருவரும் குழியில் இறங்கி மண்ணை வெட்டினார்கள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

முதலில் வந்த கிழங்கை அப்பா ஒடித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு அவர் கிழக்கு மூலைக்குப் போனார். மண்ணை விலக்கியதும் புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு வண்டிக் கிழங்காவது கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அப்பா சட்டென்று காலால் மண்ணைத் தள்ளி மூடி, அதன் மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னார்:

“அந்த மூல ஈரமா கீது, அப்பறம் பாத்துக்கலாம். நீ இந்தாண்ட வாடா. ஒண்ணுகூடக் கெடல.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இன்னா பாப்பா, கெடல இல்ல?”

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குளிச்சிட்டு வூட்டுக்கு வா தம்பி, சோறு ஆறிக்கினு இருக்குது” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அப்பா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பினேன். அந்த நன்றியில் பல வருஷங்கள் அவர் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இட ஒதுக்கீடு வந்தபோது சித்தப்பாவுக்கு வயது தாண்டியிருந்தது. அந்த ஒதுக்கீட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது எனக்குத்தான். வேலை உத்தரவு வந்த அன்று, மனம் நெகிழ்ந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா விழித்தார். “எந்த ஏழு கெழங்கு?”

அவருக்கு ஒன்றுமே தெரியாது. அழுகியது மழைத் தண்ணீர் இறங்கி. அவர் மூடியதும் எனக்காக இல்லை, தம்பிக்காக.

அழுகிய மரவள்ளியின் நாற்றம் அடுத்த கொல்லை வரைக்கும் போகும். அன்று குழிக்குள் நின்ற சித்தப்பாவுக்கும் மூக்கு இருந்தது, கரையில் நின்ற அம்மாவுக்கும் இருந்தது. அண்ணன் புதைத்த கிழங்கில் ஒன்றுகூடக் கெடவில்லை என்று சித்தப்பா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறார். அம்மாவும் ஆமாம் என்கிறாள். அங்கே ரகசியம் ஒன்று இருப்பதாக இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.