ஜாஹிலிய்யாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

நகரி பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழ் வழியில் சரித்திரம் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அரேபியா பாடம். இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தை 'ஜாஹிலிய்யா' என்பார்கள் என்று கரும்பலகையில் எழுதி, "எழுத்தறிவில்லாத ஜனங்களின் காலம்" என்று அர்த்தமும் சொன்னேன்.

இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "எங்க நைனாவுக்குக் கையெழுத்துகூட போடத் தெரியாது டீச்சர். அப்போ அவரும் ஜாஹிலிய்யாவா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

மதியம் சாப்பிடும்போது இதை வேடிக்கையாக உருது டீச்சரிடம் சொன்னேன். சித்தூர்க்காரர், என் வயதுதான். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கு அர்த்தம் அது இல்லக்கா. இறைவன் காட்டின வழி தெரியாம இருந்த காலம்னு சொல்றது. பழைய அரபுல, கோபம் வந்தா கண்ணுமண்ணு தெரியாம ஆடறதையும் அந்தச் சொல்லாலயே சொல்வாங்க. மத்தபடி அந்த ஜனங்க நீளநீளமா கவிதையை மனப்பாடமாவே வெச்சிக்கினு இருந்தவங்க."

"அறியாமைன்னா படிக்காததுன்னு நெனச்சிட்டேன்."

"எங்க நபியே எழுதப் படிக்கத் தெரியாதவர்தானேக்கா?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அதைக் கவனித்தவர், "எங்க வீட்ல பால் பொங்க விட்டாக்கூட எங்கம்மா என்னை ஜாஹில்னுதான் திட்டும். நான் எம்.ஏ. படிச்சிருக்கேன்" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்த கத்தரிக்காயை என் தட்டில் வைத்தார்.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். பாடம் தொடங்கும் முன், "நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், சிரித்ததும் தப்பு" என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். சரியான அர்த்தத்தை எழுதி, அந்த ஜனங்கள் நீளமான கவிதைகளை மனப்பாடமாகவே வைத்திருந்ததையும் சொன்னேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். வகுப்பு முடியும்போது, "அந்தக் கவிதை ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றாள். எனக்குத் தெரியாது, கேட்டுவந்து சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொல்வதில் வெட்கம் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். "அன்னிக்கு ஸ்கூலுக்கே போமாட்டேன்னிச்சி டீச்சரம்மா. இப்போ லீவுலயும் போறேன்னுது," என்றார்.

உருது டீச்சர் நினைத்திருந்தால் ஹெட்மாஸ்டரிடம் போயிருக்கலாம், கேட்டும் கேட்காததுபோல் சாப்பிட்டு எழுந்திருக்கலாம். என் எதிரில் உட்கார்ந்து, என்னிடமே சொன்னார். நன்றி சொன்னபோது, "சாப்புடுக்கா, பெல் அடிச்சிடுவாங்க" என்றார்.