கீழ்த்தெருவுக்கும் ஒரு கம்பி

மூன்று மடக்குக்கு மேல் கிண்ணத்தில் தேநீர் ஊற்ற மாட்டாள் ஜிபார்குல். குடித்துவிட்டு நீட்டினால் இன்னொரு மூன்று மடக்கு. வலது கையில் கிண்ணம், இடது கை நெஞ்சில். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு மரியாதை இதுதான்; நீ நீட்டிக்கொண்டே இரு, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், அவசரமில்லை, உட்கார். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால் ‘குடிச்சுட்டுக் கிளம்பு’ என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அப்படி அவள் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆட்டுக்கு ஊசி போட வந்து, அரை நாள் உட்கார்ந்து முதல் மனைவியின் புராணம் பாடுகிற கால்நடை டாக்டருக்குக்கூட மூன்று மடக்குதான். “பாவம், அவரை வீட்ல யாரும் பேச விட மாட்டாங்க போல” என்பாள்.

கிண்ணத்தோடு அவளுடைய அடக்கம் முடிந்துவிடும். மற்ற நேரத்தில் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன கணவனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ‘தொப்பு தொப்பு’ என்று நடப்பாள். ஏன் இரண்டு அளவு பெரிய பூட்ஸ் என்று கேட்டேன். “அந்த மனுஷன் வந்து கேக்குறப்போ, உன் இடத்துல நான்தான் நின்னேன்னு காட்ட வேணாமா?” என்றாள். கழுதையோடு சண்டை போடுவாள், காற்றோடு சண்டை போடுவாள், வெங்காயம் விற்க வருகிறவனோடு சண்டை போட்டு அவனுக்கே சாப்பாடும் போட்டு அனுப்புவாள். நான் அவளுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு மண்சுவர்தான். அவள் தும்மினால் என் வீட்டுப் பூனை எழுந்துகொள்ளும்.

அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், பழைய கம்பளத்தில் சுற்றி ஒரு மிஷின் நிற்கிறது. ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்துப் பஞ்சாக்கும் மிஷின். மின்சாரம் வரப்போகிறது என்று ஊரே துள்ளியபோது, ஓஷ் நகரத்துச் சந்தையிலிருந்து லாரியில் ஏற்றி வந்தாள். தினமும் காலையில் கம்பளத்தை அவிழ்த்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு மறுபடி மூடுவாள். “துருப் பிடிச்சா, கரன்ட் வந்தப்புறம் என் மூஞ்சியில காறித் துப்பும்.” அதுவரை கீழ்த்தெருப் பெண்கள் எல்லோரும் இரும்புச் சீப்பால்தான் ரோமத்தை வாருகிறோம். பனிக்காலத்தில் எங்கள் விரல்களைப் பார்க்கச் சகிக்காது. மிஷின் ஓட ஆரம்பித்தால் தெருவே அதில் வாரிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். “சண்டை போடுங்க, ஆனா வரிசையில நின்னு போடுங்க.”

அரசாங்கக் கம்பி மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதால், எங்கள் ஓடையிலேயே மின்சாரம் எடுப்பது என்று முடிவாயிற்று. டர்பைனைக் கொடுத்தது வெளியூர் அமைப்பு ஒன்று. கால்வாய் வெட்டுவது ஊர் பொறுப்பு. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், அஷார் என்கிற ஊர்க்கூட்டு வேலை என்றால் அப்படித்தான். கீழ்த்தெரு ஆண்கள் பாதிப் பேர் ரஷ்யாவில், மீதிப் பேர் மண்ணுக்குள். ஆகவே நாங்கள் போனோம். ஜிபார்குல் போனாள், நான் போனேன், தங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில் எல்லை தாண்டி வந்து தெருக்கோடியில் குடியேறிய தாஜிக்குகளில் மவ்ஜூதா போனாள். ஓடையில் இறங்கி, முழங்கால்வரை நனைந்து, அக்கரை ஏறி வெட்டினோம்.

வெட்டி முடித்ததும் திட்டம் வந்தது. மேல்தெரு முழுக்கக் கம்பம். கடைசிக் கம்பம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கீழ்த்தெருவுக்கு ‘அப்புறம்’.

திட்டத்தின் தலைவர் ஷெர்மாமத். ஜிபார்குலின் கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அவளுக்கு மூத்தார். குடும்ப வழக்கப்படி அவர் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. வெள்ளைத் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் முதுகுக்குப் பின்னால் ‘தொப்பி’, நேரில் ‘பெரியத்தான்’.

போன வாரம் அந்த அமைப்பிலிருந்து ஜானில் என்ற பெண் வந்தாள். ஊரில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் திட்டம் போட்டீர்களா, அதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பம் நட விடமாட்டோம் என்றாள். ஷெர்மாமத் வீட்டில் விருந்து. தேநீர் ஊற்றுவது வழக்கம்போல் ஜிபார்குல்.

“எல்லாரும் கலந்துக்கிட்டாங்கம்மா” என்றார் ஷெர்மாமத். “ஆம்பளைங்க, பொம்பளைங்க, தாஜிக்குங்க, ஒருத்தர் பாக்கியில்ல. அந்த மவ்ஜூதாகூட வந்திருந்தா.”

அவர் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை! திட்டம் போட்ட அன்றைக்குக் கதவருகே நின்று தேநீர் ஊற்றியவர்களையும் கொல்லையில் ரொட்டி சுட்டவர்களையும் சேர்த்துத்தான் அவர் கூட்டத்தை எண்ணியிருந்தார். மவ்ஜூதா வந்தது உண்மைதான். அடுப்புக்கு விறகு கொண்டு வந்தாள்.

ஜிபார்குல் கெட்டிலைத் தரையில் வைத்தாள். ஆண்களின் முழங்கால்களுக்கு நடுவே நடந்து, கதவுக்கு எதிரே பெரியவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், மூத்தாரின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு மருமகள் அங்கே உட்கார்ந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை.

“பெரியத்தான், நானும் கலந்துக்கிட்டேன்னு சொல்றீங்களே. நான் என்ன பேசினேன்? கொஞ்சம் சொல்லுங்க, மறந்துபோச்சு.”

ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காலிக் கிண்ணத்தை நீட்டினார். “முதல்ல தேநீர் ஊத்தும்மா.”

“நான் இன்னைக்குக் கூட்டத்துல இருக்கேன். கெட்டில் அங்கதான இருக்கு, உங்க கைக்கு எட்டுமே.”

வாசலில் நின்ற என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

ஷெர்மாமத் முகம் சிவந்தது. “ஓடை குறுக்க இருக்கும்மா. அத எப்படித் தாண்டுறது?”

“கால்வா வெட்டுறப்போ ஓடை எங்க போயிருந்துச்சு, லீவுலயா? நாங்க நனைஞ்சுக்கிட்டுத்தான தாண்டி வந்தோம்? உங்க கம்பிக்கு மட்டும் கால் நனைஞ்சா சளி பிடிக்குமோ?” பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். “மவ்ஜூதா, ஏன் அங்க நிக்கிற? இங்க வந்து உக்காரு. உன் பாஷையிலயே சொல்லு. புரியாதவங்க புரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கட்டும்.”

மவ்ஜூதா உட்காரவில்லை. நின்றபடியே, மெல்லிய குரலில் ஆரம்பித்து, போகப் போகச் சத்தமாகப் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. மண்வெட்டி என்ற சொல் மட்டும் அடிக்கடி வந்தது. அந்தப் பாஷை தெரிந்த ஜானில் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், கூட்டத்தைக் கீழ்த்தெருவில் மறுபடி போடுங்கள், கீழ்த்தெருப் பெண்களும் உட்கார்ந்து பேசட்டும், அவர்கள் சரி என்று சொல்லும்வரை ஒரு கம்பமும் நடக்கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

நாளைக்கு அந்தக் கூட்டம். நேற்று ஷெர்மாமத் தானே ஜிபார்குல் வீட்டுக்கு வந்தார். நான் மூலையில் ரோமம் வாரிக்கொண்டிருந்தேன். என்னை அவர் கண்டுகொள்ளவில்லை. அவள் மூன்று மடக்கு ஊற்றினாள், அவர் குடித்தார். மறுபடி மூன்று மடக்கு. ஆட்டு விலை, மழை, தம்பி எப்போது வருகிறான் என்று சுற்றி வளைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன் வீட்டுக்கு மட்டும் ஒரு கம்பி இழுத்துடறேன். உன் மிஷின் ஓடணும், அவ்வளவுதான? நாளைக்கு நீ எந்திரிச்சு திட்டம் சரிதான்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா மத்தவளுங்க வாயத் திறக்க மாட்டாளுங்க.”

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அவள் சரி என்று சொன்னால் கீழ்த்தெரு இருட்டு இருட்டுதான். ஆனால் அந்த மிஷினை அவள் தினமும் தடவிக் கொடுப்பதைப் பார்த்தவள் நான். எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்?

ஜிபார்குல் எழுந்து போய் மிஷின்மேல் கிடந்த கம்பளத்தை விலக்கினாள். சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மவ்ஜூதா வீட்டுக்கு?”

“அது அப்புறம் பாத்துக்கலாம்.”

“இவ வீட்டுக்கு?” என்று என்னைக் காட்டினாள்.

“அதான் அப்புறம்னு சொல்றேனேம்மா.”

கம்பளத்தை இழுத்து மிஷினை மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். காரியம் முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

ஜிபார்குல் அதை வாங்கினாள். ஊற்றினாள். மூன்று மடக்கு தாண்டியது, பாதி தாண்டியது, அவள் கெட்டிலை நிமிர்த்தவில்லை. விளிம்பைத் தொட்டுத் தேநீர் தளும்பி நின்றதும்தான் நிறுத்தினாள். பிறகு இடது கையை நெஞ்சில் வைத்து, முறையாகத் தலைகுனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அதை மூத்தாரிடம் நீட்டினாள்.