முனிராஜ் அண்ணனோடு ஒரே ஒரு குதிப்பு

முனிராஜ் அண்ணன் இறந்த செய்தி இரண்டாம் ஷிப்ட் டீ இடைவேளையில் எனக்கு வந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒரு கும்பிடு பொம்மை, அதற்குக் கீழே இன்னொன்று, அப்படியே வரிசையாகப் பதினேழு கும்பிடுகள். யாருக்காகக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே மேலே மேலே தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. பேரிகையில் சந்தைக்குப் போவதற்காகப் பைக்கை வெளியே எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஓசூருக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது. விமானத்திலிருந்து தொள்ளாயிரம் தடவை குதித்து எழுந்து நடந்த மனிதர், சைடு ஸ்டாண்டைத் தட்டும்போது போய்விட்டார்.

மறுநாள் பேரிகை பஸ் நிறுத்தத்தில் நம் குழுவின் பெயரில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. ‘புதியவர்களின் கரம் பற்றி வானுக்கு அழைத்துச் சென்ற வள்ளலே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுக்கு வந்த இடத்தில் சிரித்தால் அடிப்பார்கள் என்பதால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் எந்தப் புதியவரின் கரத்தைப் பற்றினார்? கேட்டு வந்தவர்களை நாயை விரட்டுவதுபோல விரட்டினார். அதுவும் உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருந்திருந்தால் அந்த ஃபிளெக்ஸைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். முனிராஜ் அண்ணன் பேரிகையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பது வயதுக்கு மேல் துபாய்க்கு ஹெல்பர் வேலைக்குப் போய், அங்கே வானிலிருந்து குதிப்பவர்களின் பாராசூட்டை மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். நாள் முழுவதும் முட்டி போட்டு மடித்தவருக்கு, விமானத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் கொடுத்துக் குதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் ஓசூருக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் குதிக்கும் விமான ஷெட்டில் வந்து சேர்ந்தார். மடிப்பதும் அவர்தான். யார் யாரோடு குதிப்பது என்று பலகையில் எழுதுவதும் அவர்தான்.

அந்த வெள்ளைப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு மார்க்கரோடு அதன் முன் நிற்பார். சேர்ந்து குதிப்பவர்களின் பெயர்களை ஒன்றாக எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். எந்த வட்டத்துக்குள்ளும் வராதவர்களுக்கென்று பலகையின் அடியில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே ‘தனி’ என்று எழுதியிருக்கும். நான் ஊத்தங்கரைக்காரி; சூளகிரியில் ஒரு கம்பெனியில் பல்சக்கரங்களை அளந்து பார்க்கும் வேலை. உரிமம் கைக்கு வந்தபின் தொடர்ந்து பதினோரு ஞாயிறு ‘மஞ்சுளா’ என்ற என் பெயர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது.

உரிமம் என்றால் நீ தனியாகக் குதித்து உயிரோடு இறங்குவாய் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். அந்தரத்தில் இன்னொருவர் பக்கத்தில் பறந்து, கையைப் பிடித்து, நேரத்தோடு விலகிப் போக வேண்டுமென்றால் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் கூட வந்தாக வேண்டும். இரண்டு புதியவர்கள் சேர்ந்து குதிக்க விட மாட்டார்கள். ஆகவே கெஞ்ச வேண்டும். கல்யாண மண்டபத்தில் நிரம்பிய பந்தியின் முன் நின்று, யாராவது நகர்ந்து உட்கார மாட்டார்களா என்று பார்ப்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் என்ன சொன்னீர்கள்? “நெக்ஸ்ட் வீக் கண்டிப்பா, மஞ்சு.” பதினோரு வாரமும் அதே நெக்ஸ்ட் வீக். முனிராஜ் அண்ணன் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

“அண்ணா, இன்னிக்கி என்கூட ஒரு ஜம்ப் வர்றீங்களா?”

“வேணாம்.”

“அடுத்த தடவ பிளேன் போவும்போது?”

“வத்து.”

“ஒண்ணே ஒண்ணுண்ணா…”

“பேடாம்மா, பேடா. தமிழ், தெலுங்கு, கன்னடம், மூணுலயும் சொல்லிட்டன். இன்னும் இந்திலயும் சொல்லணுமா?”

ஷெட்டே சிரித்தது. அதன்பின் வாராவாரம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தாலே யாராவது “வேணாம், வத்து, பேடா” என்று பாட்டாகப் பாடுவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். விடுதி அறைக்குத் திரும்பித்தான் அழுவேன்.

பதினோராவது வாரம் கேட்டேவிட்டேன், என்னிடம் என்ன குறை என்று. மார்க்கரை மூடாமலே திரும்பிப் பார்த்தார்.

“உன் எட என்னா?”

“நாப்பத்தி மூணு.”

“நான் எம்பத்தொண்ணு. நான் கல்லு மாதிரி கீழ போவன். நீ கேரி பேக் மாதிரி மேலயே மெதந்துக்கிட்டு இருப்ப. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம எறங்கறதுக்கு எதுக்கு ஜோடி? போயி சோறு துன்னுட்டு வா.”

மழையை நம்பி விதைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் சோற்றை வைத்து யாரும் கேலி பேசியதில்லை. அன்றைக்கு அவரை மனதாரச் சபித்தேன். இப்போது அவர் செத்துவிட்டார் என்பதற்காக அந்தச் சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகப் பாசாங்கு செய்ய மாட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு துணிப் பட்டையை என் காலடியில் தொப்பென்று போட்டார். தூக்கினால் கனத்தது. லாரிச் சக்கரங்களைச் சமன் செய்ய ஓரத்தில் பொருத்துவார்களே ஈயத் துண்டுகள், அவற்றை நெடுஞ்சாலை டயர் கடைகளில் பொறுக்கி, இரும்புக் கரண்டியில் உருக்கித் தட்டைத் தட்டையாக வார்த்து, பாராசூட் தைக்கிற நூலாலேயே பட்டைக்குள் தைத்திருந்தார். நாலு கிலோ. தனக்கு வேகம் குறைவதற்காகத் தொளதொளவென்று ஒரு சட்டையும் தைத்து வைத்திருந்தார். வாரம் முழுக்க அந்த வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். முகத்தில் மட்டும் வழக்கமான கடுப்பு.

“இத இடுப்புல கட்டு. அப்பத்தான் மனுசங்க பக்கத்துல வந்து சேருவ. கேட்டுக்கோ, கிட்ட வர்றது எல்லாருக்கும் வரும். நிறுத்தறதுதான் வேல. நான் கையக் காட்டுனா அங்கியே நின்னுடு.”

பலகையில் முதல் தடவையாக என் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். மஞ்சுளா, முனிராஜ். நான் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்று விமானக் கதவில் இடித்து அவர் தோள் மூட்டு நழுவியது என்றுதான் உங்களுக்குச் சொன்னார். கதவு எதையும் செய்யவில்லை. வெளியே குதித்ததும் ஈயம் என்னைச் சரியாக இழுத்துக்கொண்டு போனது. கீழே அவர் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் சந்தோஷம். அவர் உள்ளங்கையைக் காட்டினார். பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். என் முழங்கால் அவர் வலது தோளில் இறங்கியது.

அவர் புரண்டார். வலது கை காலிச் சட்டைக் கைபோலக் காற்றில் அடித்துக்கொண்டது. முதல் பாராசூட்டின் கைப்பிடி வலப்பக்கம், முதுகுப் பையின் அடியில் இருக்கும். அதற்கு வலது கை வேண்டும். சொல்லிக்கொடுத்தபடி நான் திரும்பி விலகிப் போய் என்னுடையதை விரித்தேன். தொங்கிக்கொண்டே கீழே தேடினால் அவரைக் காணவில்லை. மிகவும் தாழ்ந்துபோன பிறகுதான் இடது கையால் இழுத்த மாற்றுப் பாராசூட் வெள்ளையாக விரிந்தது. அதுவரைக்கும் நான் ஒரு கொலைகாரி.

ஒரு கேழ்வரகுக் கொல்லையில் விழுந்து கிடந்தார். ஓடினேன். முகம் சாம்பலாக இருந்தது.

“கையக் காட்டுனன்ல?”

“காட்டுனீங்கண்ணா.”

தூரத்தில் உங்கள் ஜீப் வந்துகொண்டிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “கதவுல இடிச்சிக்கிட்டன்னு சொல்லுவன். நீ வாயத் தொறக்காத. உன் வேலன்னு தெரிஞ்சா இந்த ஜென்மத்துல ஒருத்தன் உன் பக்கத்துல வரமாட்டான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. முனிராஜே இவளோடு குதித்தார் என்றால் இவள் தேறிவிட்டாள் என்று முடிவுகட்டி, அடுத்த வாரமே நீங்கள் என்னை உங்கள் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டீர்கள். நான் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். நாலு பேர், ஆறு பேர் என்று கைகோத்துப் பறந்தேன். அவருடைய தோள் சும்மா இருந்தாலே நழுவியது, ஆபரேஷன் ஆனது. ஆறிய பிறகு ஷெட்டுக்கு மடிக்க மட்டும் வந்தார். மார்க்கரை உயர்த்தி எழுதக் கை ஏறவில்லை என்பதால் பலகை வேலை என்னிடம் வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை, டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பலகைக்கு வந்தார். அவ்வளவு நாள் விட்டுப்போனவர் மறுபடி குதிக்க வேண்டுமென்றால், பழகிய ஒருவர் கூட வர வேண்டும். நம் ஷெட்டின் விதி அது. அவர் உங்களில் யாரையும் கேட்டிருக்கலாம். என்னிடம் வந்தார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“மஞ்சு, ஒரு ஜம்ப் கூட வர்றியா?”

“வேணாம்ணா.”

அவர் சிரித்தார். பழைய விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

“வத்து,” என்றேன். “பேடா.”

நீங்களும் சிரித்தீர்கள். ஷெட்டே சிரித்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். கையைக் காட்டியும் நிற்காத அதே புத்தி எனக்கு.

“நடுவுல தோளு கழண்டா யாருண்ணா பாக்கறது? நாப்பத்தி மூணு கிலோதான நானு. உங்களத் தூக்கிக்கிட்டு வர முடியுமா?”

சிரிப்பு நின்றது. அவர் டாக்டர் சீட்டைப் பாதி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே தள்ளினார். பாதுகாப்புக்காகச் சொன்னேன் என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தத் தோளுக்குப் பக்கத்தில் மறுபடி பறக்க எனக்குப் பயம். அது ஒரு பாதி. அந்தப் பதினோரு ஞாயிறுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது, கொடுத்தபோது இனித்தது. இது மறுபாதி. உங்களில் ஒருவரும் “நான் வர்றேண்ணா” என்று எழுந்திருக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

“செரி வுடு, சும்மா மேல போயி பாத்துட்டு வர்றன்,” என்றார். விமானத்தில் போகிற யாராக இருந்தாலும் பெயர் பலகையில் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே, ‘தனி’ என்பதற்கு நேராக, முனிராஜ் என்று என் கையால் எழுதினேன்.

மேலே கதவு திறந்ததும் ஒவ்வொருவராகப் போனீர்கள். கடைசியாக நான். அவர் பைலட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தார். கை நீட்டி என் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், எல்லாருக்கும் பார்ப்பது போலவே. இடுப்பைத் தொட்டு, “பெல்ட்டு கட்டியிருக்கியா?” என்று கேட்டார். கட்டியிருந்தேன். அவர் வார்த்த ஈயம்தான். “போ,” என்றார். போனேன். அவர் விமானத்தோடு இறங்கி வந்தார். அதன்பின் யாரையும் கேட்கவில்லை.

அதுவரை என் பாராசூட்டை நானேதான் மடித்துக்கொள்வேன்; அடுத்த வாரத்திலிருந்து அதை அவரே எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் புத்தியைப் பாருங்கள், முதல் சில வாரம் எனக்கு அதைப் போட்டுக்கொள்ளவே பயமாக இருந்தது. ஒரு தடவைகூட அது முறுக்கிக்கொண்டோ தாமதமாகவோ விரியவில்லை. போன மாதம் அவருடைய கடைசி ஞாயிறன்று காற்று அடங்காததால் ஒருவரும் குதிக்கவில்லை. அவர் மடித்து வைத்த என் பை இன்னும் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது.

பிரிக்காமல் நினைவாக வைத்துக்கொள் என்று உங்களில் இரண்டு பேர் சொன்னீர்கள். மாட்டேன். குதிப்பதற்கு மடித்ததைக் குதித்துத்தான் தீர்க்க வேண்டும். வரும் ஞாயிறு அதைப் போட்டுக்கொள்வேன். இதைப் படித்த பிறகு உங்களில் யாரும் என்னை வட்டத்துக்குள் சேர்க்க மாட்டீர்கள்; கேழ்வரகுக் கொல்லையில் வைத்தே அவர் அதைச் சொல்லிவிட்டார். அதனால் என் பெயரை நானே கோட்டுக்குக் கீழே எழுதிக்கொள்வேன். மேலே போய், அவருடைய கடைசி மடிப்பை இழுத்து விரிப்பேன். தரைக்கு வந்த பிறகு அவருடையது என்று என்னிடம் மிஞ்சுவது நாலு கிலோ ஈயம். அதை இடுப்பிலிருந்து கழற்ற மாட்டேன்.