ஒரு ஓவர் கேட்ட ஆஸ்திரேலியர்

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருந்த ஒரு கம்பெனியில் நான் ஹெல்ப்பராக இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது தாராளமாக வந்தது. எனக்கு மட்டும் மூன்றே மாதத்தில் வலது கால் ஷூவின் முனை தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு பல்லைக் காட்டும். வெள்ளிக்கிழமை காலைகளில் அதைப் போட்டுக்கொண்டுதான் நான் பந்து வீசுவேன். பந்தை விடும் நேரத்தில் வலது காலைத் தரையில் இழுப்பது என் பழக்கம். வேறு ஷூ என்னிடம் கிடையாது.

போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசிய காலம் அது. எங்கள் ரூமில் எட்டுப் பேர். நான்கு மலையாளிகள், மூன்று பாகிஸ்தான் பட்டாணியர்கள், பிறகு நான். யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் இந்தியில் சொன்ன நகைச்சுவைக்கு ஏழு பேரும் சிரித்து முடித்த பிறகு, நான் தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்காது. வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்து வெள்ளிக்கிழமை மைதானத்தில்தான் நான் மனிதனாக இருந்தேன்.

மைதானம் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். பைப்லைன் ஓரமாக, உள்ளே வரக் கூடாது என்று மூன்று மொழிகளில் போர்டு வைத்த சரளைத் தரை. விக்கெட்டுக்கு ஒரு காலி டிரம், டென்னிஸ் பந்தின் மேல் எலெக்ட்ரிக் டேப். கேப்டன் நாகூர்ப் பக்கத்துக் கிரேன் ஆபரேட்டர். அவரை எல்லோரும் பாய் என்போம். எங்கள் டீமில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் சேஃப்டி ஆபீசர் ஆஸ்திரேலியாக்காரர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நடக்கும்போது இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நடப்பார். ஹெல்மெட் இல்லாதவன், பெல்ட் மாட்டாதவன் என்று எல்லோரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுவார். அதனால் அவருக்கு எங்கள் மத்தியில் ‘நோட்டு’ என்றே பெயர். நோட்டு வருது என்று ஒருவன் சொன்னால் சைட்டே நிமிர்ந்து நிற்கும்.

ஒரு நாள் எங்களை வரிசையாக நிறுத்தி ஷூ பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். குனிந்து வலது ஷூவைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, முதல் இரண்டு விரல்களிலும் இருந்த காய்ப்பைப் பார்த்துவிட்டு, ஃபாஸ்டா, ஸ்பின்னா என்று கேட்டார். ஃபாஸ்ட் மீடியம், சார் என்றேன். அன்றுதான் அந்த மனிதருக்கும் சிரிக்க வரும் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு, கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் என்னோடு டியூட்டி விழுந்தால் பேசுவார். கப்பலைக் கயிற்றால் கட்டி, ஹோஸ் மாட்டி, எண்ணெய் சாம்பிளின் ரிசல்ட் வரும்வரை மணிக்கணக்கில் சும்மா நிற்க வேண்டிய வேலை அது. அவர் ஒரு மாநில அணிக்கு ஒன்பது வருடம் வீசியிருக்கிறார். நிஜமான ஃபாஸ்ட் பௌலர்கள் இரண்டு பேர் இருந்தார்களாம். காற்று முதுகில் தள்ளும் பக்கம் அவர்களுக்கு. காற்றுக்கு எதிரே ஓடி வர ஒருவன் வேண்டும் அல்லவா, அதற்கு இவர். நாள் முழுக்க ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பார், மறுமுனையில் விக்கெட் விழும். ஒரே ஒரு முறை நாட்டு அணிக்குக் கூப்பிட்டு, ஐந்து நாளும் மற்றவர்களுக்குத் தண்ணீர் தூக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு முதுகெலும்பில் விரிசல். ஆறிய பிறகு வீசினார், மறுபடி விரிசல். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு சீசனில் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதை அவர் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவருடைய இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் புரியும். ஆனால் ஜெட்டியில் நிற்கும்போது கையை உயர்த்தி, மணிக்கட்டை மடக்கி, இந்த இடத்தில் விட வேண்டும் என்று அவர் காட்டுவதற்கு மொழி தேவைப்படவில்லை. மாவட்ட அணித் தேர்வுக்குப் போய் ஒரு பந்துகூட வீசாமல் பஸ் ஏறித் திரும்பிய என் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர். பெரிய வில்லாவில் ஒற்றை ஆளாக இருந்தார். எனக்கு எட்டுப் பேர் நடுவே தனிமை, அவருக்கு நான்கு அறைகள் நடுவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலைப் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை நானும் வரட்டுமா என்று கேட்டார். ஒரு ஓவர் போதும், முதுகு அதற்கு மேல் தாங்காது என்றார். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஆபீசரைக் காணோம். வாங்க சார் என்று சொல்லிவிட்டேன்.

டீமில் சொல்ல எனக்கு ஐந்து நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. ஆபீசர்களோடு நின்று பேசுகிறவனுக்குக் கேம்பில் ஒரே பெயர்தான், போட்டுக் கொடுப்பவன். மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்துத் தட்டு நகர்ந்துவிடும். எனக்கு இருந்ததே வெள்ளிக்கிழமை ஒன்று, அதையும் இழக்கப் பயந்தேன். வியாழக்கிழமை பாயிடம் சொல்ல வாயெடுத்தேன். நாளைக்கு ரெண்டு டிரம் வேணும்ப்பா என்றார். சரி பாய் என்று வந்துவிட்டேன். ஆபீசர் வரமாட்டார், மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

வந்தார். எங்கள் ஆட்டம் பாதியில் இருந்தது. அவருடைய பிக்கப் வண்டி தெரிந்ததுமே, “நோட்டு, யல்லா, யல்லா” என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றார்கள். கேட் பாஸைக்கூடச் சிலர் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். லீவு நாளில், பஸ்ஸே வராத ரோட்டில். நானும் அந்த வரிசையில் போய் நின்றேன்.

அவர் வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். நன்றாக இஸ்திரி போட்டது, இடுப்பில் இறுக்கமாக இருந்தது. காலி மைதானத்தில் நாங்கள் போட்ட கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பதினான்கு தப்படி எண்ணி நடந்து, திரும்பி நின்றார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், பந்தை எறி என்று. பந்து என் பேண்ட் பையில்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவர் கை கீழே இறங்கியிருந்தது. மெதுவாக நடந்து போய் வண்டியை எடுத்தார்.

எங்கள் யார் பெயரையும் அவர் எழுதவில்லை. அதன் பிறகு ஜெட்டியில் வால்வைத் திற, மூடு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மன்னிப்புக் கேட்க நான் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு டியூட்டியிலும் அடுத்த டியூட்டிக்கு என்று தள்ளிப்போட்டேன். இரண்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்து அவர் ஊருக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. ஆஸ்திரேலியாவுல ஆடுன மனுஷன். நானே கையப் புடிச்சு இட்டாந்து புதுப் பந்தைக் கொடுத்திருப்பேனே.”

டீமில் ஒருவர் விடாமல் அதையேதான் சொன்னார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, பக்கத்துத் தட்டு எதுவும் நகரவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.